கோப்பி மெஷின் வாங்கிய மேதை

எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்தால்கூட நான் சொல்லித்தான் என் கணவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் போன வருஷம் திடீரென்று கோப்பி நிபுணராகிவிட்டார். காரணம், சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அவர் வேலை பார்க்கும் கந்தோர் நடத்திய கூட்டம். அங்கே நுரை பொங்க ஒரு கப் குடித்தாராம். அது தலைக்கேறிவிட்டது.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எந்நேரமும் போனும் வீடியோவும்தான்.

"இவ்வளவு நாளா நாம குடிச்சது கோப்பியே இல்ல, தெரியுமா? அழுத்தம் வேணும், அழுத்தம்!" என்றார், நான் போட்ட கோப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"அப்படின்னா அதைத் தாங்க, கொட்டிடுறேன்."

கோப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மாத்தளைக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனார். தூள் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தானாக வடிந்துவிடும் சின்ன மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கு அது தாராளம். அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பளபளவென்று, முகப்பில் கடிகாரம் மாதிரி ஒரு முள் வைத்த பெரியதைத்தான் தடவிக்கொண்டு நின்றார்.

"எங்க ஊர் யட்டவத்த கரண்டுக்கு இது ஓடுமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஓடும் மிஸ்," என்றார் கடைக்காரர். விற்க வந்தவர் வேறென்ன சொல்வார்? என் கணவரோ வேதவாக்குக் கேட்டதுபோலத் தலையாட்டினார்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுத் தம்பதியை அழைத்துவிட்டார். அந்த நேரத்தில் எங்கள் மலைச்சரிவில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் தண்ணி மோட்டாரும் ஓடும்; பல்பே மங்கித்தான் எரியும். மெஷின் சளி பிடித்த மாடு மாதிரி செருமியது. முள் அசையவேயில்லை. கடைசியில் சேற்று நிறத்தில், வெதுவெதுப்பாக ஏதோ சொட்டியது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க," என்றார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அவர்கள் போனதும் இவர் என்னைத்தான் முறைத்தார். "நீ இடிச்ச தூள் சரியில்ல."

"தூளுக்கு ஒண்ணுமில்லைங்க. கரண்டுக்குத்தான் உங்க அளவு அழுத்தம் இல்ல."

மனுஷன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. விடியுமுன், ஊர் எழும்பாத நேரத்தில் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தானே கண்டுபிடித்தார். இப்போது தினமும் எனக்கு முன்பே எழும்பி, அடுப்படியில் தடபுடல் பண்ணி, கட்டிலுக்கே ஒரு கப் கொண்டுவந்து தருகிறார். குடித்தால் நாக்கு கசந்துபோகும். எங்கள் கொல்லைக் கோப்பிப் பழத்தைக் காயவைத்து வறுத்த தூளை இப்படிப் பாழாக்க இவரால்தான் முடியும்.

நான் அதைச் சொல்வதில்லை. போர்வைக்குள் கால் நீட்டியபடி முழுவதையும் குடித்து முடிப்பேன்.

"எப்படி?" என்று இன்றைக்கும் கேட்டார்.

"நுரை கொஞ்சம் குறைவுங்க. நாளைக்கு இன்னும் வெள்ளன எழும்பிப் பாருங்களேன்."

"சரி," என்று மறுபடியும் வீடியோவைத் திறந்தார்.