வராதவர் எங்கே என்று கேட்கும் பள்ளிக்கூடம்

அக்காவின் இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்கள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. தேவாரங்கள், பேரப்பிள்ளைகளின் கண்ணீர்க் கவிதை, படங்கள் எல்லாம் தயார். முதல் பக்கமும் வாழ்க்கைக் குறிப்பும் மட்டும் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. முதல் பக்கத்தில் அக்காவின் படத்துக்குக் கீழே உறவுகளை எழுதும் இடத்தில், அத்தானின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டாயிற்று. மகளின் பெயருக்கு முன்னால் ஒன்றும் தேவையில்லை. அவள் டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க்கில் கணவன் பிள்ளைகளோடு இருக்கிறாள். மகனின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடுவதா விடுவதா என்பதில்தான் எங்கள் குடும்பம் இரண்டுபட்டு நிற்கிறது.

அண்ணை கனடாவிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். "போடு பிள்ளை. போட்டால்தான் அக்காவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியோட அவனுக்கும் ஒரு கிரியை செய்யலாம். எவ்வளவு காலத்துக்கு அந்த ஆத்மாவை அலைய விடுறது?" என்கிறார். மகளோ, "அம்மா இருந்தால் போட விட்டிருப்பாவோ, சின்னம்மா?" என்று மட்டும் கேட்கிறாள். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் நான் கிடந்து முழிக்கிறேன். அக்காவின் வாழ்க்கையை எழுதத் தொடங்கினால் ஏதாவது தெளிவு வரும் என்ற நம்பிக்கையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது வடமராட்சியில். ஐயா கணக்கு வாத்தியார். மூத்தவர் அக்கா, நடுவில் அண்ணை, கடைக்குட்டி நான். ஐயாவின் கண்டிப்பு அப்படியே அக்காவுக்கு வந்தது. படிப்பை முடித்து ஊரிலேயே ஆங்கில ரீச்சர் ஆனார். அவரிடம் படித்த சிலர் இந்த மலரை வாசிப்பீர்கள். குட்டு வாங்கிய இடம் இப்போதும் கொஞ்சம் நோகும் என்று நினைக்கிறேன். அத்தானைக் கைப்பிடித்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார். அத்தான் நாட்டு நிலைமையால் முன்னதாகவே டென்மார்க் வந்து சேர்ந்தார்.

மகன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு பின்னேரம் ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அக்கா ஏறி இறங்காத முகாம் இல்லை, காணாத அதிகாரி இல்லை. அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். அத்தானோ இங்கே விசா கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட்டுவிடத் துடித்துக்கொண்டிருந்தார். அக்கா மாட்டேன் என்றார். "அவன் வந்து பாக்கேக்கை வீட்டில ஆர் நிக்கிறது?" என்று கேட்டார். கடைசியில் மகளுக்கும் வயது ஏற, பயமும் ஏற, அக்கம்பக்கத்தவர் எல்லோரிடமும் டென்மார்க் விலாசத்தைக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

இஷொய் என்ற ஊரில் அத்தான் எடுத்திருந்த மாடிவீட்டுக்குள் நுழைந்த அன்றே, அக்கா தபால் பெட்டியில் மகன் உட்படக் குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும் ஒட்டச் சொன்னாராம். பெட்டியில் பெயர் இல்லாதவருக்கு இந்த நாட்டில் கடிதம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு அத்தான் மாரடைப்பில் இறந்தபோது அவருடைய பெயரை அக்கா தானே போய்க் கழற்றினார். மகனின் பெயர் இருந்தபடியே இருந்தது. மகளும் படித்து வேலைக்குப் போன பிறகு, தனி ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்டுப் பார்த்தோம். அவர் அசையவில்லை. டொக்டரிடம் போனால், எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு இரண்டு என்பார். பக்கத்தில் இருக்கும் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். ஊரில் மேசைக்கு முன்னால் நின்று அதிகாரம் பண்ணிய ரீச்சர் இங்கே படுக்கை மாற்றினார், வயதானவர்களைக் குளிப்பாட்டினார். அதற்காக ஒருநாளும் முகம் சுழிக்கவில்லை. அங்கே கூட வேலை செய்த ஒரு வங்காளப் பெண்மணிதான் அவரை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனவர். கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்த சில குடும்பங்கள் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, வங்காளமும் ஆங்கிலமுமாக நடத்தும் பள்ளிக்கூடம் அது. ஆங்கிலத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அக்கா போனார். எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வராத ரீச்சர் வங்காளிக்குப் படிப்பிக்கப் போறா" என்று கோயில் வாசலில் கதைத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து கதைத்தேன் என்பது அக்காவுக்கும் தெரியும். அவர் அதற்குச் சிரித்ததோடு சரி.

அது ஒரு தினுசான பள்ளிக்கூடம். சோதனை இல்லை, முதலாம் பிள்ளை கடைசிப் பிள்ளை இல்லை, அடி கிடையவே கிடையாது. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு ஆசிரியர்; ஒருவர் வங்காளத்தில் சொல்வதை மற்றவர் ஆங்கிலத்தில் சொல்வார். பிள்ளைகள் தங்களுக்குள் டெனிஷில்தான் கதைப்பார்கள் என்பதால், டெனிஷைச் சப்பாத்தோடு வாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும் என்று ஒரு சட்டம். வசந்தம் வந்தால், பனி முழுவதும் கரையாத நாளில்கூட, எல்லோரும் மஞ்சள் உடுப்பில் வெளியே நின்று பாடுவார்கள். அவர்களுடைய வருடப் பிறப்புக்கு மண்டபத்துத் தரை முழுக்க அரிசிமாக் கரைசலால் பூவும் கொடியும் வரைவார்கள். முதல் வருடம் அதைக் கண்ட டெனிஷ் காவலாளி தலையில் கை வைத்தாராம். அடுத்த வருடம் தானும் முழங்காலில் நின்று ஒரு மீன் வரைந்தாராம். பிள்ளைகள் ஆசிரியைகளைத் 'தீதி' என்பார்கள், நாங்கள் அக்கா என்பது போல. எங்கள் கண்டிப்பான அக்கா அங்கே போய்க் குட்டுவதை மறந்துவிட்டார்.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை அவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். அன்றுதான் அவர்களுடைய முக்கியமான வழக்கத்தைக் கண்டேன். அங்கே இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதில்லை. எல்லோரும் வட்டமாக இருப்பார்கள். "இன்றைக்கு யார் வரவில்லை?" என்று ஆசிரியர் கேட்பார். வராத பிள்ளை இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று யாராவது எழும்பி வங்காளத்தில் ஒரு வசனமும் ஆங்கிலத்தில் ஒரு வசனமும் சொல்லவேண்டும். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லலாம், தெரியாவிட்டால் நினைத்துச் சொல்லலாம். வராதவரில் ஒருவரைச் சொல்லாமல் விட்டாலும் பாடம் தொடங்காது. நல்ல வழக்கமாக இருக்கிறதே என்று சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் காய்ச்சலில் படுத்திருந்தான், ஒருத்தி பாட்டி வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ஒரு பையன் எழும்பி, "தீதியின் மகன் வரவில்லை. அவர் நோர்வேயில் மீன் கொம்பனியில் நிற்கிறார். கையுறை நனைந்துவிட்டதால் குளிருகிறது" என்றான்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாடம் தொடங்கியது.

அக்காவின் போனில் மகனின் படத்தைக் கண்ட ஒரு சிறுமி, இது யார், ஏன் இங்கே வருவதில்லை என்று எப்போதோ கேட்டிருக்கிறாள். அடுத்த கிழமை யார் வரவில்லை என்ற கேள்வி வந்தபோது, அவளே எழும்பி அவனைச் சொல்லியிருக்கிறாள். அன்று தொடங்கியது நிற்கவில்லை. அந்தச் சிறுமி வளர்ந்து போய்விட்டாள், புதுப் பிள்ளைகள் வந்தார்கள், மற்ற வழக்கங்களோடு இதுவும் ஒரு வழக்கமாகக் கைமாறியது. கண்ணால் காணாத எங்கள் பிள்ளையை அவர்கள் இரண்டு மொழியில் வளர்த்தார்கள். கப்பலில் சமையல்காரன் ஆனான், தாடி வைத்தான், கண்ணாடி போட்டான். ஒருமுறை கல்யாணம் பேசிக் குழம்பியும் போனது. எங்களிடம் இருப்பது பள்ளிக்கூட உடுப்போடு நிற்கும் ஒரு படம் மட்டும். அவர்களிடம் இருந்தவனுக்கு நரை விழத் தொடங்கியிருந்தது.

அன்று திரும்பி வரும்போது காருக்குள் வெடித்துவிட்டேன். "அக்கா, உங்களுக்கு விசரோ? சின்னப் பிள்ளையளை வைச்சு என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லை" என்றார், கோபமில்லாமல். "எங்கட ஆக்களின்ர வீட்டுக்குப் போனால் எல்லாருக்கும் அவனைத் தெரியும். ஒருத்தரும் பேரை எடுக்கமாட்டினம். நான் வாறதைக் கண்டால் கதையை மாத்திப்போடுவினம். இங்கதான் கேக்கினம்."

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு அந்த நோய் எனக்கும் தொற்றிக்கொண்டது. கடையில் வரிசையில் நிற்கும்போது, நாற்பதைக் கடந்த எங்கள் நிறத்து மனிதர் யாரையாவது கண்டால் முகத்தைத் தேடினேன். ஒருநாள் நகரத்து எஸ்-ரயிலில் எனக்கு முன்னால் இருந்தவரின் பின்கழுத்து அத்தானின் கழுத்துப் போலவே இருந்தது. நான் இறங்கவேண்டிய அல்பர்ட்ஸ்லுண்டில் இறங்காமல் அடுத்த நிலையம்வரை போனேன். அவர் திரும்பினார். வேறு யாரோ. அவர் இறங்கிப்போன பிறகும் அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் பயணம் செய்திருக்கிறார்.

சென்ற மாரியில் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. வலியைப் பற்றி முறையிடவில்லை. மகள் ஓல்போர்க்கிலிருந்து வந்து கடைசிவரை பக்கத்தில் இருந்தாள். நினைவு போவதும் வருவதுமாக இருந்த ஒரு காலையில், கட்டிலைச் சுற்றி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "ஆர் இன்னும் வரேல்லை?" என்றார். அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் பேசவில்லை.

தகனம் முடிந்து சில நாட்களில் வந்த சனிக்கிழமை, நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று கொஞ்சம் பயத்தம் பணியாரத்தோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வட்டத்தில் எனக்கும் இடம் விட்டார்கள். யார் வரவில்லை என்று ஆசிரியை கேட்டார். ஒரு பிள்ளை நீச்சலுக்குப் போயிருந்தது. அடுத்து அக்காவின் பெயர் வரும், என்ன கதை சொல்லப்போகிறார்களோ என்று பயந்தேன். பக்கத்தில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்து, "தீதியை நாங்கள் சொல்வதில்லை. அவர் இறந்துவிட்டார். நாங்கள் பூ வைத்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான்.

பிறகு, எட்டு வயது இருக்கலாம், ஒரு சிறுமி எழும்பினாள். "தீதியின் மகன் வரவில்லை" என்றாள். அவர் எங்கே என்று ஆசிரியை கேட்டார். சிறுமி நெடுநேரம் யோசித்தாள். கப்பலும் வரவில்லை, நோர்வேயும் வரவில்லை. "எங்கே என்று எனக்குத் தெரியாது" என்றாள். "அவருக்கு அம்மா இறந்தது இன்னும் தெரியாது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை." அதையே வங்காளத்திலும் சொல்லிவிட்டு இருந்தாள்.

காருக்குள் வந்து அழுதேன். அக்கா இறந்ததிலிருந்து அப்படி அழவில்லை. இறந்தவர் யார், வராதவர் யார் என்பதில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. கண்ட சாவைச் சாவு என்கிறார்கள், காணாததைத் தெரியாது என்கிறார்கள். அதைத் தாண்டி எழுத எனக்கு என்ன உரிமை?

அங்கிருந்தபடியே அண்ணைக்கு எடுத்தேன். "அண்ணை, நான் அந்தச் சொல்லைப் போடேல்லை."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. "அப்ப அவனுக்கு நாங்கள் என்னதான் செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார். சிறுமி சொன்னதை அப்படியே சொன்னேன். "அப்ப அவனுக்குச் சொல்லு. நீதானே எழுதுறாய், நீயே சொல்லு" என்றார்.

அக்காவை இறுதிவரை பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், நேரிலும் தொலைபேசியிலும் துயர் பகிர்ந்த உறவுகளுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், பந்திக்குச் சமைத்துத் தந்த அயலவருக்கும், தகனத்தன்று மழைக்குள் நின்று பாடிய வங்காளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரித்தாகுக. எல்லோருக்கும் அறிவித்தாயிற்று. இன்னும் ஒருவருக்கு அறிவிக்கவில்லை.

தம்பி, நீ எங்க இருக்கிறாய் எண்டு எங்களுக்குத் தெரியாது. உன்ர அம்மா இஷொய்யில செத்துப்போனா. தங்கச்சி கிட்ட இருந்தவ. கன நோவில்லாமல், விடியப்புறம் நித்திரையில போனவ. மகன் செய்யிற கிரியையைத் தங்கச்சிதான் செய்தவ, வேற வழியில்லை, நீ கோவிக்காதை. இதை உனக்குச் சொல்லவேண்டியது எங்கட கடமை. சொல்லிப்போட்டன்.

உன்ர சின்னம்மா