அருளப்பு அண்ணை குடிக்காமல் போன தேநீர்

அருளப்பு அண்ணையின் மனைவி ஸ்ரெல்லா அக்கா தொலைபேசியில் அழைத்தபோது நான் அண்ணைக்காகத்தான் ஒரு வீடியோத் துண்டை வெட்டிக்கொண்டிருந்தேன். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் இளைஞன் மறுபடி ஓடிப் பழகுகிற காட்சி அது. "பிள்ளை, விடியப்புறம் போயிட்டார்" என்றார் அக்கா. பிறகு, "நீர் என்னவோ அனுப்புவீர் எண்டு நேற்றும் சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றார். அழைப்பு முடிந்ததும் அந்தத் துண்டை வெட்டி முடித்து அவருடைய பெயருக்கே அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அலுவலகக் கணினியில் ஒருவர் வீடியோவைத் திறந்து பார்த்தால் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் விழும். அண்ணையின் பெயருக்குப் பக்கம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

உங்களில் பலர் அவரைத் தேவாலயத்தில் வாசகம் வாசிப்பவராக அறிந்திருப்பீர்கள். "ஃபுட்போல் வேலை செய்யிற அருளப்பு" என்று கலியாண மண்டபங்களில் அறிந்தவர்களும் இருப்பீர்கள். அங்கே அங்கிள்மார் அவரை வளைத்துப் பிடித்து ஐரோப்பிய உதைபந்தாட்டக் கழகங்களைப் பற்றிக் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் பதில் சொல்லுவார். ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார் என்பதை இப்போது சொன்னால் கோபிக்கமாட்டார். அவருடைய ஃபுட்போல் வேறு. தலைக்கவசமும் தோள்கட்டும் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதுகிற ஆட்டம் அது. ஒரு தொழில்முறை அணிக்கு அவர் ஸ்கௌட். பல்கலைக்கழக அணிகளில் விளையாடும் பிள்ளைகளைப் போய்ப் பார்த்து, யாரை எடுக்கலாம் யாரை விடலாம் என்று எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். வசந்தத்தில் டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறை வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும். நான் அதே அணியில் வீடியோப் பிரிவில் இருக்கிறேன். அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழில் கதைக்க நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது நான் மட்டும்.

முதன்முதலில் அவரோடு ஓர் ஆட்டம் பார்க்கப் போனபோது, நல்ல இருக்கைகளை எல்லாம் விட்டுவிட்டு, கோல் கம்பங்களுக்குப் பின்னால், காற்று நேராக முகத்தில் அடிக்கிற மூலையில் கொண்டுபோய் இருத்தினார். நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பந்தைப் பாக்கத்தானே இவ்வளவு சனம் வந்திருக்குது. நீரும் ஏன் பாக்கிறீர்?" என்றார். அவர் பார்த்தது டிஃபென்சிவ் என்ட் என்கிற ஆட்டக்காரனை. தடுக்கும் வரிசையின் ஓரத்தில் நிற்பவன் அவன். முன்னால் மலைபோல் நிற்கிற ஆளைச் சுற்றிக்கொண்டு ஓடி, பந்தை எறியப்போகிறவனை எறிவதற்கு முன் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் பிடிக்க முடியாது. "முழு ஆட்டத்திலயும் ஒருக்காவோ ரெண்டு தரமோதான் பிடிப்பான். மிச்ச நேரமெல்லாம் கிடைக்காததுக்குப் பின்னால ஓடுறான். அந்த ஓட்டத்தைப் பாரும், பிள்ளை. ஆள் ஆரெண்டு அதிலதான் தெரியும்." அன்றைக்கு எனக்குக் குளிர்தான் தெரிந்தது.

இறங்கும்போது படிகளில் பக்கவாட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்குவார். பதின்ம வயதில் அகதியாக வந்து ஸ்காபரோவில் ஒரு பள்ளியில் சேர்ந்தவர். உடம்பைப் பார்த்த பயிற்சியாளர் நேரே மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். முழங்கால் போனதற்குப் பிறகும் ஊசி போட்டுக்கொண்டு ஒரு சீசன் முழுக்க விளையாடினாராம். அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. இதை அவர் ஒரு கதையாகச் சொன்னதே இல்லை. படிகளில் தாமதமாகும்போது, "இரும், என்ர பழைய சிநேகிதன் வரவேணும்" என்று முழங்காலைத் தட்டுவார்.

ஜனகனைக் கண்டுபிடித்தது அவர்தான். அஜக்ஸ் என்கிற ஊரில் வளர்ந்த, பல்கலைக்கழக அணியில் டிஃபென்சிவ் என்ட் ஆடுகிற பிள்ளை. தகப்பன் நெடுந்தூர லொறி ஓட்டுபவர், தாய் சாந்தினி அக்கா. எங்கள் பிள்ளைகளில் அந்த உயரத்தையும் அந்தத் தோளையும் நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் அண்ணைக்குப் பிடித்தது உயரம் அல்ல. பந்து மறுபக்கம் போய்விட்டாலும் ஜனகன் ஓடுவதை நிறுத்தமாட்டான். "இவன் ஏமாந்தாலும் நிக்கத் தெரியாதவன்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

குடும்பத்தோடு கதைக்க வேண்டும் என்பது ஸ்கௌட் வேலையில் ஒரு பகுதி. பனி தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, நான் கார் ஓட, இருவரும் அஜக்ஸ் போனோம். மேசையில் இடமில்லை. ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை, கேக், பெரிய போத்தலில் பால்தேநீர். அண்ணை மேற்சட்டையைக் கூடக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார். நான் ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் பார்த்த பார்வையில் அது தட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டது. "ஒரு வாய் தேத்தண்ணியாவது குடியுங்கோ அண்ணை" என்றார் சாந்தினி அக்கா. "வேண்டாம் தங்கச்சி." "அப்ப தண்ணி?" "தண்ணியும் வேண்டாம்." அரை மணித்தியாலம் பிள்ளையைப் பற்றிக் கேட்டார், எழுந்தார், வந்துவிட்டார். காருக்குள் வந்ததும் பொக்கற்றிலிருந்து கிறாக்கர் பிஸ்கட்டை எடுத்துத் தின்னத் தொடங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நெடுஞ்சாலை ஏறும்வரை நான் காரை விரட்டினேன். அவரே சொன்னார்: "அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சா, பிறகு பிள்ளை பிழை விடேக்க எனக்குக் கண் தெரியாது."

இரண்டு நாள் கழித்துச் சாந்தினி அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுற்றி வளைத்து எதையெதையோ கதைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, அண்ணை எங்கட வீட்டில தண்ணி குடிக்காததுக்கு வேற காரணம் ஏதும் இருக்கோ? எங்களை ஆரெண்டு விசாரிச்சவரோ?"

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போய் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரு பொருள்தான். நீ எந்தச் சாதி என்று எனக்குத் தெரியும் என்பது அந்தப் பொருள். சாந்தினி அக்கா கடல் கடந்து, வரிசையில் நின்று குடியுரிமை எடுத்து, வீடு வாங்கி, பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்துவிட்டார். அந்தப் பயம் மட்டும் அவரோடு கூடவே வந்து அந்த மேசையில் இருந்திருக்கிறது. அண்ணையிடம் சொன்னேன். அவருடைய முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "காரை எடும்" என்றார்.

அஜக்ஸ் வீட்டு வாசலில் நின்றே சொன்னார். "தங்கச்சி, நான் பாக்கிற பிள்ளையின்ர வீட்டில நான் வாய் நனைக்கிறேல்லை. வெள்ளைக்காரன் வீடெண்டாலும் அப்பிடித்தான், பிஷப்பின்ர வீடெண்டாலும் அப்பிடித்தான். டிராஃப்ட் முடிஞ்ச அடுத்த நாள் வருவன். நானே கேட்டு வாங்கிக் குடிப்பன். அண்டைக்கு நீங்கள் தராட்டித்தான் எனக்குக் கோவம் வரும்." சாந்தினி அக்கா சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அப்போதாவது ஒரு மிடறு குடித்திருக்கலாம் அல்லவா? குடிக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தோடுதான் நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம்.

சீசனின் கடைசிப் பகுதியில் ஓர் ஆட்டம். பந்து மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது, சனம் அங்கே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. அண்ணை மட்டும் எழுந்து நின்றார். நான் அவர் பார்த்த திசையில் பார்த்தேன். ஜனகனின் காலுக்குக் குறுக்கே யாரோ விழுந்திருந்தான். ஜனகன் தானே எழுந்தான், தானே நடந்து வெளியே போனான். வெறும் சுளுக்கு என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் முழங்காலுக்குப் பட்டி போட்டுக்கொண்டு விளையாடவும் செய்தான். "ஓடத் தொடங்கேக்க முதல் அடி பிந்துது" என்றார் அண்ணை. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சாந்தினி அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணையிட்டைச் சொல்லுங்கோ தங்கச்சி, காலைப் பற்றி எழுதாமல் விடச்சொல்லி. ஒண்டும் கூட்டி எழுத வேண்டாம். விட்டாப் போதும்" என்று அழுதார். நான் சொன்னேன். அவர் எழுதினார். முழங்காலைக் கட்டாயம் ஸ்கான் எடுக்க வேண்டும் என்று எழுதினார். எடுத்தார்கள், உள்ளே கிழிந்திருந்தது. குளிர்காலத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. டிராஃப்டுக்கு முன் எல்லா அணிகளுக்கும் முன்னால் பிள்ளைகள் ஓடிக் காட்டுகிற நாளில் ஜனகன் ஊன்றுகோலோடு சுவரோரம் நின்றான்.

அண்ணையோடு நான் சண்டை பிடித்தேன். ஒரு வரியை விட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "என்னைப் பாத்த ஆக்களும் நல்ல ஆக்கள்தான், பிள்ளை. இரக்கப்பட்டு எழுதாமல் விட்டவை" என்றார்.

அதற்கு முன்பே அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருந்தது. கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னபோது மிகவும் பிந்திவிட்டது. எத்தனையோ பிள்ளைகளின் காலில் அரை அடி பிந்துவதைக் கண்ட மனுசனின் வயிற்றில் வளர்ந்ததை நாங்கள் ஒருவரும் காணவில்லை. ஜனகனின் பயிற்சி வீடியோக்களை அனுப்பச் சொல்லிக் கேட்பார். அனுப்புவேன். கட்டிலில் சாய்ந்து, சின்னத் திரையைக் கண்ணருகே பிடித்து, முதல் அடியையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அந்தக் கால் தன்பாட்டில் ஆறியது, அவருடைய நோய் தன்பாட்டில் ஓடியது. இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தேன், ஸ்ரெல்லா அக்கா செபமாலை சொன்னார். நோய் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் சாந்தினி அக்கா போத்தலில் தேநீர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் பயந்தேன், ஏதும் பேசிவிடுவாரோ என்று. அவர் கட்டிலடியில் நின்று, "பெடியன் நடக்கிறான் அண்ணை" என்று மட்டும் சொன்னார். அண்ணை போத்தலைப் பார்த்தார். "டிராஃப்ட் முடியேல்லையே, தங்கச்சி" என்றார். அப்போது அவரால் தண்ணீரே விழுங்க முடியாது, உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சாந்தினி அக்காவும் தெரிந்துகொண்டேதான், "ஓம் அண்ணை, முடியட்டும்" என்றார்.

அவரை அடக்கம் செய்த அடுத்த வாரம் டிராஃப்ட் நடந்தது. ஒரு பெயர் பேச்சுக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் வீடியோவைத் திரையில் போடுவது என் வேலை. ஜனகனுடையதை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அந்த அறையில் வீடியோப் பிரிவுக்கு வாய் கிடையாது. கேட்டால் போட வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் அணி எடுக்கவில்லை, மற்ற அணிகளும் எடுக்கவில்லை. கடைசிப் பெயர் முடிந்ததும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்து போனார்கள். பல்கலைக்கழகத்தில் அவனுக்கு இன்னுமொரு சீசன் மிச்சம் இருக்கிறது. டிராஃப்டில் எடுபடாத பிள்ளையையும் பிறகு ஓர் அணி கூப்பிடலாம். ஆனால் யாராவது போய்ப் பார்த்தால்தான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்க்கிற மனுசன் போய்விட்டார். திரையை அணைத்துவிட்டு அந்த அறையில் இருந்து அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய முப்பத்தோராம் நாள் திருப்பலி. அது முடிந்து தேவாலய மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாந்தினி அக்கா என்னிடம் வந்தார். அதே போத்தல். மூடியைத் திறந்து, கொண்டுவந்த கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

"டிராஃப்ட் முடிஞ்சுது தங்கச்சி. என்ர பிள்ளையை இப்ப ஒருத்தரும் பாக்கேல்லை. அண்ணைக்குப் பதிலா நீங்களாவது குடியுங்கோ."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏலக்காய் மணந்தது. கையை நீட்டினேன், பிறகு இழுத்துக்கொண்டேன்.

"குடிக்கேலாது அக்கா."

"ஏன்?"

"நான் அவனை இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

நான் ஸ்கௌட் அல்ல. நான் பார்ப்பதால் ஒரு கதவும் திறக்கப்போவதில்லை, நான் எழுதினால் வாசிக்க ஆளில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அருளப்பு அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது கோல் கம்பங்களுக்குப் பின்னால் அந்தக் குளிர் மூலையும், இந்த ஒரு மறுப்பும்தான். அவற்றைத்தான் என்னால் வைத்துக்கொள்ள முடிந்தது.

 சாந்தினி அக்கா கோப்பையிலிருந்த தேநீரைச் சிந்தாமல் மறுபடி போத்தலுக்குள் ஊற்றி, மூடியை இறுக்கினார்.

"கம்பத்துக்குப் பின்னால அந்த மூலை நல்லாக் குளிரும் எண்டு அண்ணை சொன்னவர்" என்றார். "குளிருக்கு வடிவா உடுத்திக்கொண்டு போங்கோ."