சொல்லாமல் வைத்த அடையாளம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்திற்கு வந்திருக்கும் உறவினர்களையும், வர இயலாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறும் நண்பர்களையும் வணங்குகிறேன். அண்ணன் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஒரு பொருள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அது ஒரு புல்லாங்குழல். அதற்கு உரியவரின் பெயரோ ஊரோ எங்களுக்குத் தெரியாது. அண்ணனின் வாழ்க்கையை எழுதும் இந்தக் கட்டுரை எப்படியாவது அவர் காதுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணன் வாசுதேவநல்லூரில் பிறந்தார். எங்கள் தந்தையார் அங்கே குளத்து மடையைக் கவனித்து வந்தார். மடை திறக்கும் நாளில் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை உயர்த்திக் காட்டுவார். தூரத்து வயல்களில் நிற்பவர்கள் அதைப் பார்த்து வாய்க்காலை வெட்டிவிடுவார்கள். துண்டு உயராத நாட்களிலும் அவர்கள் வெகுநேரம் கரையையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். மலை நீலமாகத் தெரியும் அந்தக் காலை வேளைகளைப் பற்றித் தங்கையான என்னிடம் அண்ணன் அடிக்கடி சொல்வார். "துண்டு ஏறலேன்னா அதுவும் ஒரு சேதிதான் ஏட்டி. ஒண்ணுமே நடக்காம ஊரு பூரா சேதி போயிரும்" என்பார்.

தந்தையார் காலமானபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, நான் கைக்குழந்தை. மேற்படிப்பை விட்டுவிட்டு, தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டு, யுத்த காலத்தில் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவும் நானும் அவரோடு வந்தோம். சில ஆண்டுகளில் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணனுக்குக் கல்யாணமாகி மதினி வந்த பிறகுதான் வீட்டில் மறுபடி விளக்கு ஒழுங்காக எரிந்தது. அண்ணனுக்கு இரண்டே சட்டைகள் இருந்த வருடத்தில்தான் என்னைச் சென்னைக்கு அனுப்பி நூலகப் பயிற்சியில் சேர்த்தார்கள்.

நிலையத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அண்ணன் தந்திக் கம்பத்தில் காதை வைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். காற்றில் கம்பி முனகும் சத்தம் அது என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். ஆனாலும் காதை எடுக்க மாட்டார். "வண்டி நேரத்துக்கு வருதுன்னு தந்தி வந்தா அதுல என்ன இருக்கு? தெனம் வருததுதான. வராதுன்னு வந்தாத்தான் நான் எந்திரிச்சு ஓடணும். ரெண்டுக்கும் தந்தி மிஷின்ல அதே கட்டு, அதே கட சத்தந்தான். சேதி எங்கன இருக்கு சொல்லு பாப்போம்" என்பார். பதில் அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அதை நினைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழா நாட்களில் தெற்கு ரத வீதிப் பந்தலில் தொண்டு செய்வது அண்ணனின் வழக்கம். கூட்டத்தில் காணாமல் போனவர்களையும் பொருட்களையும் ஒலிபெருக்கியில் அறிவித்து உரியவரிடம் சேர்க்கும் வேலை. பயிற்சி முடித்து வந்த வருடம் நானும் சேர்ந்துகொண்டேன். சென்னையில் புத்தகங்களுக்கு அட்டை எழுதிய பழக்கத்தில், பந்தலுக்கும் அட்டைகள் தயாரித்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு கட்டங்கள்: பெயர், வயது, ஊர், தந்தை அல்லது கணவர் பெயர், உடை, அடையாளம்.

முதல் நாளே ஒரு புதுப்பெண் வந்து நின்றாள். கோயிலைப் பலமுறை வலம்வரும் ஆடிச்சுற்றின்போது கணவரைத் தவறவிட்டிருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து நாள்தான். புகுந்த ஊர் திருவேங்கடத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கரிசல் கிராமம். பெயர் இன்னும் நாக்கில் பழகவில்லை.

"வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டேன்.

"அத எப்படிச் சொல்லுதது?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொன்னாத்தான கூப்பிட முடியும்?"

"சொன்னா அவுக ஆயுசு கொறையும்லா!"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளெதிரே உட்கார்ந்தார். "நீ சொல்ல வேண்டாம் தாயி. நான் கேக்கேன். தலைய மட்டும் ஆட்டு. சாமி பேரா?"

ஆமென்று ஆட்டினாள்.

"சிவன் பேரா?"

தலை ஆமென்றும் ஆடியது, இல்லையென்றும் ஆடியது.

"அப்பம் பெருமாள் பேரா?"

மறுபடியும் அதே ஆட்டம். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ரெண்டுந்தான் ஏட்டி! நம்ம ஊருச் சாமியேதான்."

'சங்கரநாராயணன்' என்று நான்காவது கட்டத்தில் அழகாக எழுதி, உரக்கப் படித்து அண்ணனிடம் நீட்டினேன். உடனே ஏணி மேலிருந்து, "என்ன அக்கா?" என்று ஒரு குரல் கேட்டது. ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தவர் பெயரும் அதுதான்.

"கேட்டியா? பந்தலுக்குள்ளயே ஒருத்தன் திரும்பிட்டான். மைக்குல சொன்னா இந்த ரத வீதி பூராவும்லா திரும்பும்" என்றார் அண்ணன். பிறகு அந்தப் பெண்ணிடம், "ஒங்க வீட்டுல, வேற எந்த வீட்டுலயும் இல்லாதது என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவள் வாயை மூடியிருந்த முந்தானையை இறக்கினாள். "மாடு. ஒத்தக் கொம்பு."

"பேரு இருக்கா?"

"கலெக்டரு."

"கலெக்டரா!"

"யாரு பேச்சையும் கேக்காதுலா, அதான்."

பந்தலுக்கு எதிரே சில அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஒத்தைக் கொம்புக் கலெக்டரின் சொந்தக்காரர் உடனே பந்தலுக்கு வரவும். உங்கள் வீட்டார் இங்கே காத்திருக்கிறார்கள்."

வீதியே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "மானத்த வாங்கிட்டியே! மாட்டுப் பேர சொல்லுததுக்கு வாயி வருது, எம் பேர சொல்ல மாட்டியாக்கும்?" என்று அவர் அதட்ட, அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று மாலை நான் அண்ணனிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அப்பம் என் அட்டைக்கு வேலையே இல்லையா?"

"அட்டை இல்லேன்னா இன்னைக்கு யாரெல்லாம் வந்தாகன்னு எனக்கே ஞாபகம் இருக்காது. அது வேணும். ஆனா சேதியில பாதி கேக்குதவன்கிட்டயே இருக்கு ஏட்டி. நாம மிச்சப் பாதியத்தான் அனுப்புதோம். அவன்கிட்ட எந்தப் பாதி இருக்குன்னு தெரியணும்."

அண்ணனின் முறை இதுதான்: காணாமல் போன ஆளைத் தேட, அவருக்கு மட்டுமே விளங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிடைத்த பொருளைக் கொடுக்கும்போது, உரியவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். வருபவர் அதைச் சொன்னால்தான் பொருளை எடுத்துத் தருவோம். இதை அந்த வருடமே என் அட்டைகளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். அடுத்த வருடம் நடந்த தவற்றுக்கு அந்த விதியையே நான் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

அடுத்த வருடம் தபசு நாளின் பிற்பகலில், சிறப்பு ரயிலைக் கவனிக்க அண்ணன் நிலையத்துக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். விவசாயிகள் நேர்த்திக்கடனாக அம்மன்மேல் வீசிச் சூறைவிட்ட பருத்தி வெயிலில் பஞ்சு பஞ்சாக மிதந்து பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தது. தோளில் கம்பளி போட்ட ஒரு பெரியவர் வந்து, குழல் ஒன்று கிடைத்ததா என்று கேட்டார். காலையில் சுற்றுப் பாதையில் கிடைத்ததாக யாரோ கொடுத்துப் போன குழல், என் காலடிப் பெட்டியில் இருந்தது.

"எத்தனை துளை?" என்று கேட்டேன்.

"எண்ணுனது இல்லயே தாயி."

"நீளம்?"

"அது எம்புட்டோ அம்புட்டு."

"என்ன அடையாளம் இருக்கும்?"

"அடையாளம் என்ன, எங்குழலு. கையில குடு, ஊதிக் காட்டுதேன். கேட்டா ஒனக்கே தெரியும்."

"கையில குடுத்துட்டா அப்புறம் அடையாளம் கேட்டு என்ன பிரயோசனம் பெரியவரே? யாரு வந்தாலும் ஊதத்தான செய்வாக."

அவர் கோபப்படவில்லை. "இந்தச் சத்தத்துக்குத்தான் எங்க ஆடு திரும்பும். வேற குழலுக்குத் திரும்பாது" என்றார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, இல்லாத குழலை உதட்டருகே பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். சத்தமே இல்லாமல் அவர் சிறிது நேரம் வாசித்தார். பஞ்சு அந்த விரல்களின்மேல் வந்து ஒட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. நான் பெட்டியைத் திறக்கவில்லை. அவர் கைகளை இறக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். அட்டையில் 'துளை தெரியாது, நீளம் தெரியாது, அடையாளம் தெரியாது' என்று எழுதினேன்.

அண்ணன் திரும்பி வந்து அட்டையைப் படித்தார். பெட்டியிலிருந்து குழலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்படிப் பிடிச்சிக் காட்டுனாரு?" என்றார். பார்த்தபடியே செய்து காட்டினேன். என் விரல்களுக்குள் குழலை வைத்தார். குழலில் விரல்பட்டுத் தேய்ந்த இடங்களில் ஒன்று, அந்தப் பெரியவர் காற்றில் விரல் வைத்துக் காட்டியதோடு அப்படியே பொருந்தியது. நான் பார்ப்பதற்குள் அண்ணன் வீதியில் இறங்கி ஓடிவிட்டார். பஸ் நிற்கும் இடம், வண்டிகள் அவிழ்த்திருந்த திடல், நிலையம் என்று எல்லாவற்றையும் தேடி, மேலெல்லாம் பஞ்சும் புழுதியுமாக வந்தார்.

என்னைத் திட்டவில்லை. "தெரியாதுன்னு எழுதியிருக்க. அவருக்குத் தெரியும் ஏட்டி. நம்ம அட்டைக்குத்தான் தெரியல" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் வந்த தபசுகளில் எல்லாம் அண்ணன் குழலைப் பற்றி அறிவித்தார். ஆட்டுக்காரர்களைக் கண்டால் விசாரித்தார். பெரியவர் வரவில்லை.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. எதையோ சொல்ல முயன்று முயன்று களைத்துப் போனார். ஆமென்றால் இடக்கை விரலை ஒருமுறையும், இல்லையென்றால் இருமுறையும் அழுத்தச் சொல்லிவிட்டு, நான் ஒரு பட்டியலோடு உட்கார்ந்தேன்: மருந்தா, தண்ணீரா, வீட்டுப் பத்திரமா, நிலையத்துச் சாவியா, வாசுதேவநல்லூர் போக வேண்டுமா. முப்பதுக்கு மேல் கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் இருமுறை. அவர் கண்ணோரம் நீர் கசிந்தது.

மதினிதான் சொன்னார்கள்: "ஒண்ணொண்ணாக் கேட்டா அவுக தாங்க மாட்டாக. அந்தப் புதுப்பொண்ணுகிட்ட அவுக கேட்டாகல்லா, அப்படிக் கேளு."

பட்டியலை மடித்து வைத்தேன்.

"ஆளப் பத்தியா அண்ணே?" ஒருமுறை.

"நம்ம சொந்தமா?" இருமுறை.

"தபசுக்கு வந்தவரா?" ஒருமுறை.

"வந்து, தேடுனது கெடைச்சுப் போனவரா?" இருமுறை.

அதற்குமேல் எனக்குக் கேள்வி வேண்டியிருக்கவில்லை. குழலை எடுத்து வந்து படுக்கையில் வைத்தேன். அண்ணன் இடக்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "நான் குடுத்துருதேன் அண்ணே" என்றேன். விரல் ஒருமுறை அழுந்தியது. அன்று நன்றாக உறங்கினார். மூன்றாம் நாள் காலை, தென்காசி வண்டி கூவிப் போன நேரத்தில் அமைதியாக மறைந்தார்.

இரவு பகல் பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், முறைவைத்துத் துணையிருந்த நிலையத்து நண்பர்களுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைக் கவனித்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், இந்த ஆண்டும் பந்தலில் குழலைப் பற்றி அறிவித்த ஒலிபெருக்கிச் சங்கரநாராயணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பக்கம் கிடை போட்டிருக்கும் ஆட்டுக்காரர்கள் யாராவது இருந்தால், இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தோளில் கம்பளி போட்ட பெரியவர், தபசன்று ரத வீதிப் பந்தலில் ஒரு பெண்ணின் எதிரே வெறும் காற்றில் குழல் வாசித்தவர் என்று சொன்னால் அவருக்கு விளங்கும். குழல் பத்திரமாக இருக்கிறது. அதன் ஓர் அடையாளத்தை மட்டும் அண்ணனின் வழக்கப்படி நான் இங்கே எழுதவில்லை. அது அவர் விரல்களில் இருக்கிறது. அவர் எதையும் எண்ணிச் சொல்ல வேண்டாம். எந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டாம். வந்தவுடன் முதலில் குழலை அவர் கையில் கொடுப்பேன்.