இடியப்பத்தில் கிடந்த தலைமயிர்

1. கடைசிப் பார்வை

வெள்ளை இடியப்பத்தின் மேல் ஒரு தலைமயிர் கிடந்தது. எடுக்கப் போனேன். விரலில் ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த தட்டிலும் ஒன்று கிடந்தது, அதே வளைவோடு.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் பார்சல் மேசை என் பொறுப்பு. குசினியிலிருந்து வருவதை ஒருமுறை பார்த்துவிட்டு லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றக் கொடுப்பேன். எனக்குப் பிறகு அதைப் பார்ப்பவர் வாடிக்கையாளர்தான். இந்தத் தொழிலில் சொதியில் உப்புக் கூடினால் மன்னிப்பு உண்டு, தலைமயிர் அகப்பட்டால் கிடையாது. ஃபோனில் படம் பிடித்து ஊருக்கே காட்டிவிடுவார்கள்.

இடியப்பம் பிழிபவள் செல்வி. மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துக்காரி, பல வருடமாக என்னோடு வேலை செய்கிறாள்.

“செல்வி, தொப்பியை இழுத்துப் போடும். தலைமயிர் விழுகுது.”

“எங்கக்கா? எங் கண்ணுக்கு ஒன்னும் தெரியலையே.”

“அப்ப எனக்கென்ன கண் குருடோ?”

அன்று நல்ல இடியப்பம் நிறைய ஒதுக்கினேன். மறுநாள் காசு மேசையில் இருப்பவருக்கும் தொப்பி போட வைத்தேன். முதலாளித் தம்பி பெருமூச்சு விட்டார். பிறகு ஒரு காலை, கை கழுவிவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது தலைமயிர் சுவரிலும் கிடந்தது. கண்ணைத் திருப்பினேன். அதுவும் கூடவே வந்தது.

அந்தக் கடையில் நரைத்த தலை எனக்கு மட்டும்தான். கண் பிசகிய கிழவியைப் பார்சல் மேசையில் யார் வைத்திருப்பார்கள்? ஒருவருக்கும் சொல்லாமல் கண் டொக்டரிடம் போனேன்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. வயது போனா கண்ணுக்குள்ள இருக்கிற ஜெலி சுருங்கும். அதின்ர நிழல்தான் உங்களுக்குத் தெரியுது. ஆனா மின்னல் வெட்டின மாதிரித் தெரிஞ்சாலோ, புள்ளிகள் திடீரெண்டு கூடினாலோ, பக்கத்தால திரை மூடுற மாதிரி இருந்தாலோ அண்டைக்கே வரவேணும்.”

அவர் சொன்னதில் ‘பயப்பிடாதேங்கோ’வை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மற்றதை அங்கேயே விட்டுவிட்டேன்.

மேசையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தேகம் வந்தால் தட்டைச் சற்று நகர்த்துவேன். உண்மையான மயிர் தட்டோடு போகும். என் கண்ணில் உள்ளது தட்டோடு போகாது. அதை வைத்துக்கொண்டு சில மாதங்கள் ஓட்டினேன். ஆனாலும் ஒவ்வொரு பார்சலையும் சுற்றக் கொடுக்குமுன் இன்னொருமுறை நகர்த்திப் பார்ப்பேன்.

2. டியூப் லைட்

ஒருநாள் வலது பக்க ஓரத்தில் ஏதோ பளிச்சென்று மின்னி மறைந்தது. நிமிர்ந்தேன். மேசைக்கு மேலே டியூப் லைட்.

“தம்பி, இந்த டியூப் வெட்டி வெட்டி எரியுது. மாத்திவிடுங்கோ.”

“நல்லாத்தானே எரியுது, மலர் அக்கா” என்றபடியே முதலாளி மாற்றினார். புதிய டியூபும் மின்னியது. ஸ்டார்ட்டர் பழுது என்றேன். அதையும் மாற்றினார். அடுத்த நாளும் முறையிட்டேன்.

“அக்கா, இனி மாத்துறதுக்கு மேசைதான் இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. சனங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடும் நாள், மதியத்துக்கு முன்பே வாசலில் கியூ. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் குசினிக்கும் என் மேசை இருக்கும் மூலைக்கும் ஜன்னல் இல்லை. கும்மிருட்டு, எல்லோருடைய கையும் நின்றது. என் வலது ஓரத்தில் மட்டும் மின்னல் நிற்கவில்லை.

“மழை வரப்போகுது போல, மின்னுது” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“வெளிய நல்ல வெயிலுங்கக்கா” என்றாள் செல்வி.

கரண்ட் வந்தபோது, கடுகைக் கொட்டிவிட்டதுபோல கண் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். டொக்டரிடம் விட்டுவந்த மிச்சப் பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படியும் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“இண்டைக்குச் சனம் கூட. நாளைக்குப் போறன்.”

செல்வி கையைக் கழுவினாள். தொப்பியைக் கழற்றி அடுப்பங்கரையில் வைத்தாள்.

“கடை நாளைக்கும் இருக்கும். வாங்கக்கா.”

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “தம்பி, டியூப்பில பிழை இல்லை. என்ர கண்ணிலதான்.”

அவர் முகம் மாறிவிட்டது. “இதை முதலே சொல்லியிருக்கலாமே அக்கா” என்றவர், தானே றோட்டுக்கு ஓடி ஓட்டோ பிடித்து வந்தார். இந்த மனிதரிடமா மறைத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

விழித்திரையில் கிழிசல் என்றார் டொக்டர். அன்றே லேசர் பிடித்தார்கள். பிந்தியிருந்தால் விழித்திரை கழன்று பார்வையே போயிருக்கலாம் என்றார். செல்வி என் கையை விடவில்லை. நான் அழுதேன்.

3. சிவப்பு இடியப்பம்

புள்ளிகள் இன்னும் போகவில்லை. பயமும் போகவில்லை. காலையில் ஒரு கண்ணைப் பொத்தி வெள்ளைத் தட்டைப் பார்ப்பேன், பிறகு மற்றக் கண்ணை. திரை எதுவும் தெரியாவிட்டால்தான் ஏப்ரனைக் கட்டுவேன். உங்களுக்கும் ஒருநாள் டியூப் லைட் வெட்டினால், பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அவருக்கு வெட்டவில்லை என்றால், கியூ எவ்வளவு நீளமாக இருந்தாலும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று, சிவப்பு இடியப்பத்தின் மேல் ஏதோ கிடந்தது. மெல்லிய, வெள்ளைக் கோடு. தட்டை நகர்த்தினேன். அது தட்டோடு போனது. நம்பிக்கை வரவில்லை. மறுபடியும் நகர்த்தினேன்.

“செல்வி, இதை ஒருக்காப் பாரும். தலைமயிரோ?”

அவள் குனிந்து, இரண்டு விரலால் தூக்கினாள்.

“ஆமாங்கக்கா. நெசமான முடிதான்.”

அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் தலைமயிரைக் கண்டு இத்தனை சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

செல்வி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நரைமயிர். பிறகு என் தலையைப் பார்த்தாள்.

“தொப்பிய இழுத்துப் போடுங்கக்கா” என்றாள்.