எனக்குப் பிறகு நீ போகலாம்

வியாழக்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது எதிர்வீட்டு பிலால் போன் செய்தார். "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்றார் அழுதபடி. அந்த வீட்டு அரபிப் பெரியவர் சிறுநீரகம் கெட்டு மெலிந்துகொண்டே வந்ததால், அவர்தான் போய்விட்டார் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "பாபா இல்லை, போனது கதிர்" என்றார். பெரியவரை டயாலிசிஸுக்கு இறக்கிவிட்டு வண்டியில் காத்திருந்த கதிரேசன் அண்ணன் மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

அண்ணன் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர். அஜ்மானில் அந்த ஒரே வீட்டுக்கு வண்டி ஓட்டியே தலை நரைத்தவர். எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தால் என் மனைவியிடம், "தங்கச்சி, ரசம் இருந்தா போதும்" என்பார். இருப்பதையெல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, ரசத்தை மட்டும் குறை சொல்வார்.

ஊருக்கே திரும்பி மனைவியோடு ஒரே வீட்டில் வாழவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் லீவில் போய் அப்படியே நின்றுவிட அவருக்கு மனம் வராது; திரும்பி வந்ததுமே பாஸ்போர்ட் பெரியவரின் அலமாரிக்குள் போய்விடும். விசாவைக் கேன்சல் செய்து அனுப்பும்படி கேட்டபோதெல்லாம் பெரியவர், "எனக்குப் பிறகு நீ போகலாம். உயிலிலும் எழுதிவிட்டேன்" என்பாராம்.

துபாய் கம்பெனி ஒன்றில் விசா கேன்சல் போடுவதே என் வேலை. "பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிறதே சட்டப்படி தப்புண்ணே. வாங்க, கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்" என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்.

"அட போங்க தம்பி. சோறு போட்ட மனுசன் மேல கேஸா?"

பிலால் அந்த வீட்டில் காவா என்கிற அரபிக் காப்பி காய்ச்சுபவர். அவருடைய தாயார் அதே குடும்பத்தில் அடிமையாக இருந்தவர். பெரியவரின் தந்தை உயிலில் எழுதி வைத்தபடி, அவர் இறந்த பிறகு விடுதலையானார். அடிமைகள் எல்லோரையும் விடுவித்த சட்டம் அதற்குப் பின்னர்தான் வந்தது. சட்டத்தால் விடுதலையானவர்களைப் பார்த்துத் தன் தாய் பொறாமைப்பட்டதாக பிலால் ஒருநாள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "அவர்கள் யாருடைய சாவுக்கும் காத்திருக்கவில்லையே!"

அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பெரியவரு இருமுனா கண்ணாடில பாக்குறேன் தம்பி. பயந்து பாக்குறனா, ஆசப்பட்டுப் பாக்குறனான்னு எனக்கே தெரியல. இது என்ன நாறப் பொழப்பு!" என்று எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அழுதார்.

போன மாதம் பெரியவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டார்: "பாபா, நீங்க உசுரோட இருக்கும்போதே என்னை அனுப்பிடுங்க." பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கண்ணீர் விட்டாராம். அண்ணன் மறுபேச்சில்லாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உடலை ஊருக்கு அனுப்ப விசாவைக் கேன்சல் செய்தாக வேண்டும். மறுபேச்சில்லாமல் செய்துகொடுத்தார்கள். அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மூத்த மகன் என் கையில் தந்தார். சவப்பெட்டியை மூடும் முன் பெரியவர் சக்கர நாற்காலியில் வந்தார். அண்ணனின் நெற்றியைத் தொட்டு, "நான் முதலில் போவதாகத்தானே பேச்சு, கதிர்?" என்றார்.

ஒவ்வொரு லீவுக்கும் வாசலில் நின்று, "போயிட்டு வரேன் தம்பி" என்பீர்கள். நானும் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்பிவைப்பேன். இந்த முறை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போங்கள் அண்ணே. இனி வர வேண்டாம்.