எட்டாம் மாடிக்கு வந்தவர்கள்

அந்த வீடியோவில் என் தம்பியை அவன் நடையை வைத்துத்தான் கண்டுகொண்டேன். இடது தோளைச் சற்றுத் தூக்கிக்கொண்டு நடப்பான். கோவண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே பழவண்டிகளைக் கவிழ்த்துக்கொண்டு போன கூட்டத்தின் நடுவில் அந்தத் தோள் தெரிந்தது. கழுத்தில் ஓர் அமைப்பின் துண்டு. வண்டிக்காரர் ஒருவர் கும்பிட்டபடி நிற்க, என் தம்பி அவருடைய வண்டியிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்துத் தரையில் அடித்தான்.

வீடியோ வந்தது செம்பூரில் நான் குடியிருக்கும் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். வெளியூர்க்காரர்களுக்கு இப்படித்தான் புத்தி வரும் என்று எழுதியிருந்தவர் ஓய்வுபெற்ற அதிகாரி. அவருடைய அப்பாவும், என் அப்பாவைப் போல, பிழைக்க வழிதேடித் தெற்கிலிருந்து ரயிலேறி வந்தவர்தான்.

மறுநாள் மாட்டுங்காவில் எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் பேச்சு அதைப் பற்றியே இருந்தது. பக்கத்து மேசைக்காரி என் நெடுநாள் தோழி. பாலக்காட்டிலிருந்து வந்து தலைமுறைகளாக கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் வாழும் குடும்பம் அவளுடையது.

"அந்த கோவண்டி ஏரியாவே அப்படித்தானாக்கும்" என்றாள். "எங்க பக்கத்துல இப்படிப் பாத்திருக்கியோ? அந்த மண்ணுல என்னதான் இருக்கோ, இப்படிப்பட்டவாளாவே முளைக்கறா."

அவன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. டப்பாவை மூடி வைத்தேன்.

நாங்கள் தாராவியில் பிறந்தவர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இட்லிக்கடை வைத்தவர். தெற்கத்திக்காரர்களை விரட்ட வேண்டும் என்று இந்த ஊரில் ஒரு கூட்டம் கிளம்பிய காலத்தில், வேட்டியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பேண்ட் மாட்டிக்கொண்டுதான் கடையைவிட்டு வெளியே வருவாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம். அந்த அப்பாவின் மகன் இப்போது இன்னொருவரின் வண்டியைக் கவிழ்க்கிறான்.

வறுமைதான் காரணம் என்றால் எங்கள் பழைய சந்து என்றைக்கோ பற்றி எரிந்திருக்க வேண்டும். இப்போது இருப்பதைவிட அன்றைக்குத்தான் எங்களுக்குக் கஷ்டம் அதிகம். சாக்கடையைத் தாண்டித்தான் வாசலுக்கே போக முடியும். அங்கேயும் கொடியோடு ஆட்கள் வந்தார்கள், ஆவேசமாகப் பேசினார்கள், பனியன் கொடுத்தார்கள். பையன்கள் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடினார்கள். தம்பி தோல்பை தைக்கும் பட்டறையில் இருந்தான். அவனுக்கு அடுத்த மிஷினில் பீகாரிலிருந்து வந்த ஒருவர். அவர் கொண்டுவரும் சோக்கா என்கிற கத்தரிக்காய் மசியலை இவன் தின்பான், அம்மா வைக்கும் மீன்குழம்பை அவர் தின்பார். சண்டையும் போடுவார்கள், நூல்கண்டு யாருடையது என்று.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். தம்பியின் வீடு போயிற்று. பதிலுக்குக் கோவண்டியில் ஒரு கட்டடத்தில் எட்டாம் மாடியில் வீடு கொடுத்தார்கள். டைல்ஸ் தரை, சொந்தக் கக்கூஸ். குடும்பத்தில் எல்லோரும் அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே போனேன். லிஃப்ட் ஓடவில்லை. ஏறும் வழியெல்லாம் இருட்டு நடைபாதை, சாத்திய கதவுகள். மூச்சு வாங்க உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏல, வீடியோல இருந்தது நீதான?"

"ஆமாக்கா." மறைக்கவில்லை.

"அப்பாவயும் இப்படித்தானல விரட்டுனாங்க?"

"அப்பா காலம் வேற. நாம இங்கயே பொறந்தவங்க. இவனுங்க நேத்து வந்தவனுங்க."

"ஒங்கூட மிஷின்ல இருந்தவரு எந்த ஊரு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரு வேறக்கா. அவர எனக்குத் தெரியும்."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி டீயோடு வந்தாள். என்னிடம் அதிகம் பேசாதவள். அன்று நின்றபடியே பேசினாள்.

"மைனி, எங்கம்மா இங்க வந்து இருக்கும்போது செத்துப்போனா. நீங்க எல்லாரும் வந்து சேரதுக்கு முந்தி நடந்ததச் சொல்லுதேன். லிஃப்டு இல்ல. கதவு ஒண்ணுகூடத் தொறக்கல. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியாதுல்லா. இவுக ஒத்தையா நின்னாக. கீழ அந்த அமைப்பு ஆபீஸ்ல இருந்துதான் பயலுக ஓடிவந்தானுக. அம்மாவ நாக்காலில உக்கார வச்சுக் கட்டி, மாடி மாடியா எறக்குனானுக. காரியம் முடியுத வரைக்கும் சோறு கொண்டாந்தானுக. இப்ப அவனுக கூப்புட்டா எப்படிப் போவாம இருக்கது?"

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

இறங்கி வந்தபோது அந்த ஆபீஸைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கட்டடத்தில், யாரும் போய் உட்காரும்படி திறந்திருந்த அறை அது ஒன்றுதான். மின்விசிறி, கேரம் பலகை, குடிக்கத் தண்ணீர். ஒரு பையன் எழுந்து வந்து, "தீதி, ரிக்‌ஷா வேணுமா?" என்று என்னை அக்காவாக்கி இந்தியில் கேட்டான். ஓடிப்போய்ப் பிடித்தும் கொடுத்தான். வீடியோவைவிட அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

பிறகு போலீஸ் தம்பியைக் கூப்பிட்டது. அமைப்பு வக்கீல் வைத்தது. வெளியே வந்தபோது மாலை போட்டார்கள். இனி அவன் நமக்கில்லை என்று நினைத்தேன்.

அது மாறியதற்கு நான் காரணமில்லை. எதிர்வீட்டுப் பெண் உத்தரப் பிரதேசத்துக்காரி. அவள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தம்பி மனைவி கதவைத் தட்டி இட்லி கொடுத்தாள். குழந்தை தின்றது. மறுநாள் பாத்திரம் திரும்பி வந்தது, கூடவே பூரி. வெயில் காலத்தில் காற்றுக்காக இரண்டு வீடும் கதவைத் திறந்து வைத்தன. எதிர்வீட்டுக்காரர் ஸ்டேஷன் பக்கத்தில் காய்வண்டி போடுகிறவர் என்பது அப்போதுதான் தம்பிக்குத் தெரிந்ததாம். அத்தனை நாளும் எதிரெதிர் வாசல்.

அடுத்த முறை அமைப்பிலிருந்து கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்றான். அதற்கடுத்த முறை, வரமாட்டேன் என்றே சொன்னான். கீழே பையன்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள். அது அவனுக்கு வலித்தது. அதை அவனே என்னிடம் சொன்னான்.

"அப்ப விட்டுட்டியால?" என்று கேட்டேன்.

"விடலக்கா. கணபதிக்குப் பந்தல் போடப் போவேன். வண்டி ஒடைக்கப் போவமாட்டேன்."



இதையெல்லாம் கடைசியில் என் அலுவலகத் தோழியிடம் சொன்னேன். வீடியோவில் இருந்தவன் யார் என்பதையும் சொன்னேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லலை நீ?" என்றாள். சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"என் அக்கா பிள்ளை. நன்னாப் படிச்சவன். ஏசி ரூமுக்குள்ள உக்காந்துண்டு போன்ல எழுதறதைப் பாத்தா உடம்பு நடுங்கறது. உன் தம்பி பப்பாளியைத்தான் அடிச்சான். இவன் ஆளையே அடிக்கச் சொல்றான். அவன் ரூம் கதவைத் தட்டவே ஆத்துல எல்லாரும் பயப்படறா."

"நீ தட்டிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்தாள். அந்த வாரக் கடைசியில் போகப்போவதாகச் சொன்னாள். போனாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.