பம்பு வைத்தியர் படகில் ஒரு டுர்ர்

கால்வாயில் படகையே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் தண்ணீர்ப் பம்பு பார்க்கக் கூப்பிட்டால், ஐவர் டக்வெல் முதலில் தொப்பியைக் கழற்றுவார். அடுத்தது மூக்குக்கண்ணாடி. அப்புறம் படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்களுடைய சமையல் மேடைக்கும் விறகடுப்புக்கும் நடுவே குப்புறப் படுத்து, வலது காதைத் தரைப்பலகையில் ஒட்டிக்கொள்வார். இடது காது அவ்வளவாகக் கேட்காது. அதை மேலே விட்டுவிட்டால் வீட்டுக்காரர்களின் புலம்பல் விழாது என்பது அவர் கணக்கு. ஏழடிகூட அகலமில்லாத படகில் அவர் ஒருவர் படுத்துவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கமே இருக்க வேண்டியதுதான்.

"குழாயத் தெற," என்பார் தரையிலிருந்து. திறந்தால் கீழே எங்கோ பம்பு டுர்ர் என்று ஓடும். "மூடு." மூடினால் ஓட்டம் நிற்க வேண்டும். நிற்காவிட்டாலோ, ஓடவே மறுத்தாலோ எழுந்து உட்கார்ந்து தன் ஒரே கேள்வியைக் கேட்பார்: "கடைசியா என்னத்தத் தொட்டீங்க?"

ஒன்றையும் தொடவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐவர் நம்பமாட்டார். "பம்பு தப்பு பண்ணாதுப்பா. பண்றது பூரா ஆளுங்கதான்." முக்கால்வாசி நேரம் அவர் சொல்வதுதான் சரியாகவும் இருந்து தொலைக்கும். டெரன்ஸ் என்று ஒரு மனிதர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்று வசந்தகாலத்தில்தான் படகுவாசி ஆனவர், ஓடாத பம்பைப் பிடுங்கிப் புதுசு வாங்கி மாட்டியும் குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஓடிவந்தார். ஐவர் அங்கே படுக்கக்கூட இல்லை. படகின் முன்மூக்கில் இருக்கும் டாங்க்கை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "சொட்டுத் தண்ணி இல்லியேய்யா. பம்பு என்னத்த இறைக்கும், உன் கண்ணீரையா?" அன்று சாயங்காலத்துக்குள் இந்தக் கதை ஏழு மதகு தாண்டிப் போய்விட்டது. கொண்டுபோனவர் ஐவரேதான், நடந்தே போய்.

கூலி என்று அவர் வாங்குவது ஒரு துண்டு கேக். அதையும் அங்கே தின்னமாட்டார். கட்டம்போட்ட கைக்குட்டையில் சுற்றி, "நோரீனுக்கு" என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். நோரீன் அவர் மனைவி. 'பொறுமை' என்று பெயர் எழுதிய பச்சைப் படகில் அவரோடு இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள். அத்தனை வருஷத்தில் ஒரு முழுத் துண்டு அவள் கைக்கு வந்து சேர்ந்ததில்லை.

"பாதி எங்க?"

"வழியில வாத்து கேட்டுச்சு."

"வாத்துக்கு மீசை இருக்கா? அதுல சீனி ஒட்டுமா?"

இப்படிப்பட்டவரின் சொந்தப் படகில், செப்டம்பர் கடைசியில், பம்பு தானாக ஓட ஆரம்பித்தது. ஒரு குழாயும் திறக்கவில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை டுர்ர். நின்றுவிடும். மறுபடி டுர்ர். தண்ணீர் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஐவர் தரைப்பலகைகளைப் பெயர்த்தார். குழாய் இணைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் கழிவறைத் தாளைக் கிழித்து வைத்தார். மறுநாள் பார்த்தால் எல்லாம் எலும்பாய்க் காய்ந்து கிடந்தன. வேறு இடத்தில் வைத்தார். மூன்று வாரம் இதுவே வேலை. நோரீன் தரையில்லாத வீட்டில் சட்டத்துக்குச் சட்டம் தாண்டித் தாண்டி டீ போட்டாள். இரண்டு முறை கால் உள்ளே போய் முழங்கால் சிராய்த்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளுக்கு எரிந்தது வேறு. விருந்தாளி வந்து கூரையைத் தட்டினால் (தட்டாமல் அடுத்தவர் படகில் கால் வைக்கிற வழக்கம் அந்தக் கால்வாயில் கிடையாது) டுர்ர் அவர் காதில் விழக் கூடாதென்று ஐவர் பாய்ந்துபோய்ப் பம்பின் சுவிட்சை அணைப்பார். டெரன்ஸ் வந்தபோது கூஜாத் தண்ணீரில் டீ கொடுத்து, "தரைக்கு வார்னிஷ் அடிக்கிறோம்," என்று கூசாமல் சொன்னார். டெரன்ஸ் நம்பிவிட்டார். நோரீனுக்கு வெட்கமாக இருந்தது.

"நனைஞ்ச இடமே இல்லன்னா பம்பையே ஒரு தடவ பாரேன், ஐவரு," என்றாள்.

"அது நான் என் கையால கோத்த பம்பு. பதினேழு வருஷமா ஓடுது. அதத் தொடாத."

அதோடு அவள் பேச்சை விட்டாள். ரக்பி என்ற ஊரில் செங்கல் வீட்டில் இருக்கும் தங்கை ஏவ்ரிலுக்குப் போன் போட்டு, குளிர்காலம் முழுக்க அங்கே தங்கப்போவதாகச் சொன்னாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பாலத்தருகே கார் வரும். பையில் ஸ்வெட்டர், மருந்து, எல்லாவற்றுக்கும் மேலே கெட்டிலையும் வைத்து ஜிப்பை இழுத்தாள். கெட்டில் போவதைப் பார்த்ததும்தான் ஐவருக்கு விஷயம் உறைத்தது. படகில் அது ஒன்றுதான் இருக்கிறது. ஆனாலும் குனிந்து இன்னொரு பலகையைப் பெயர்த்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அப்போதே பையைப் பிரித்திருப்பாள். அவர் அதைச் சொல்லாததும் அவளுக்குக் கோபம்தான்.

சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு நோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு கரையில் இறங்கினாள். நாலடி நடந்தாள். என்ன தோன்றியதோ, திரும்பி வந்து தன் படகின் கூரையையே மூன்று தட்டுத் தட்டினாள்.

"யாரு?"

"ஐயா, பம்பு பாக்குற ஐவர் இங்கதான இருக்காரு? எங்க படகுல பம்பு தானா ஓடுதுங்க. கொஞ்சம் வந்து பாக்கணும்."

அவர் சுள்ளென்று விழப்போகிறார் என்றுதான் நினைத்தாள். கதவு வழியே தலை மட்டும் வந்தது.

"எந்தப் படகு?"

"இந்தப் பச்சப் படகுதாங்க. வீட்டுக்காரரும் மூணு வாரமாப் பாக்குறாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலீங்க."

தலை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் கருவிப் பையோடு ஐவர் கரைக்கு இறங்கினார். அவளை முன்னே போகவிட்டார். அவள் உள்ளே போனதும் கூரையைத் தட்டினார்.

"வாங்கய்யா."

தொப்பியைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடி. பலகை இல்லாத சட்டங்களின்மேல் எப்படியோ படுத்துக் காதை வைத்தார். திற, மூடு எல்லாம் நடந்தது. எழுந்து உட்கார்ந்தார். பழக்கதோஷம், கேள்வி தானாக வந்துவிட்டது. "கடைசியா என்னத்தத் தொட்டீங்க?"

"நான் ஒண்ணும் தொடலீங்க. எங்க வீட்டுக்காரர்தான் தண்ணி அளவு காட்டுற முள்ளு வைக்கிறேன்னு டாங்க்கு மூடியில ஓட்ட போட்டாரு. அதுக்கு மறுவாரம் ஆரம்பிச்சுது."

ஐவரின் காது இரண்டும் சிவந்தன.

"போட்டப்ப விழுந்த தூளையெல்லாம் பெருக்கினாரா?"

"பெருக்கினாருங்க. பாதி வெளிய, பாதி உள்ள."

"இந்த மாதிரி ஆளோட எப்படித் தாயி குடும்பம் நடத்துறீங்க?"

"அதாங்க பையக் கட்டிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பம்புக்குச் சற்றுத் தள்ளிக் குழாயில் ஒரு அடைப்புத் திருகு உண்டு. ஊரார் படகிலெல்லாம் அவர் முதலில் திருகிப் பார்க்கச் சொல்வது அதைத்தான். அதை மூடினார். இப்போது படகின் குழாய்கள் எல்லாம் அந்தப் பக்கம், பம்பு மட்டும் இந்தப் பக்கம். இருபது நிமிஷம் காக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது நிமிஷமே டுர்ர் என்றது. தண்ணீர் எங்கேயும் கசியவில்லை. வந்த வழியே டாங்க்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்து, பம்பின் தலையில் நாலு திருகாணியைக் கழற்றினார். உள்ளே, தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற ரப்பருக்கு அடியில், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள். டாங்க்கு மூடியின் நிறம். அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பம்பு மேல தப்பு இல்ல தாயி," என்றார். "உங்க வீட்டுக்காரர் மேலதான்."

பம்பைக் கோத்து, திருகைத் திறந்துவிட்டு, இருவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. இருபத்தைந்தும் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

நோரீன் தங்கைக்கென்று செய்து வைத்திருந்த பழக் கேக்கை அறுத்து ஒரு துண்டு கொடுத்தாள். அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றி, தொப்பியை வைத்துக்கொண்டு, "வர்றேன் தாயி," என்று கரையில் இறங்கிப் போனார். நிஜமாகவே போய்விட்டார். காலடிச் சத்தம் தேய்ந்தது. பாலத்தருகே ஏவ்ரிலின் கார் ஹாரன் அடித்தது. நோரீன் பையைக் கையில் எடுத்தாள்.

இன்னொரு ஹாரன். அதைத் தொடர்ந்து கூரையில் மூன்று தட்டு. கதவிடுக்கில் கட்டம்போட்ட கைக்குட்டை ஒன்று நீண்டது. வாங்கிப் பிரித்தாள். பாதித் துண்டு இருந்தது.

"வாத்து," என்றது வெளியே குரல்.

நோரீன் பையின் ஜிப்பைத் திறந்து, கெட்டிலை வெளியே எடுத்து, குழாயடியில் பிடித்தாள்.